பள்ளிகொண்ட பிள்ளைகள்

பள்ளிகொண்டா என்ற ஊரை லாரி டிரைவர்களுக்குச் சுங்கச் சாவடியால் தெரியும். பக்தர்களுக்குப் பெருமாளால் தெரியும். வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், பாலாற்றங்கரையில், உத்தர ரங்கநாதர் என்னும் திருநாமத்துடன் அவர் ஆதிசேஷன்மேல் சயனித்திருக்கிறார். பெருமாள் பள்ளிகொண்டதால் ஊருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

தமிழில் 'பள்ளி' என்றால் படுக்கை என்றும் பொருள்; பாடசாலை என்றும் பொருள். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியவர் யாரோ தெரியவில்லை. பெரிய தீர்க்கதரிசியாக இருந்திருக்க வேண்டும். சந்தேகம் உள்ளவர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பொருளும் ஒரே பெஞ்சியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்!

நான் அப்படிப் போய் உட்கார்ந்தேன். ஆனால் தூக்கத்தைப் பற்றி எழுதப் போகவில்லை. "தோல் பதனிடும் ஊர்கள் உள்ள பக்கத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள்? அதைப்பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள்? பெரியவர்களைக் கேட்காதே, பிள்ளைகளைக் கேள்" என்று எங்கள் ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... இந்தப் பெயர்களைக் கேட்டதும் சிலருக்குச் செருப்பு ஞாபகம் வரும். சிலருக்கு பிரியாணி ஞாபகம் வரும். ஒரு தடவை அந்த வழியாக ரயிலில் போனவர்களுக்கு மூக்கின்மேல் கைக்குட்டை வைத்துக்கொண்டது ஞாபகம் வரும். 2019-ல் பழைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. பள்ளிகொண்டா வேலூரிலேயே தங்கிவிட்டது. இந்த எல்லைக் கோடெல்லாம் மனிதர்களுக்குத்தான். விடிந்தால் பள்ளிகொண்டாப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆணும் பெண்ணும் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் வண்டி ஏறிப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"ஒண்ணும் வர்ல ஸார்!"

பள்ளியின் பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்பு. பிள்ளைகள் 40 பேர். சாலைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். திறந்தால் லாரிப் புழுதியும் ஹாரன் சத்தமும் உள்ளே வந்துவிடுமாம். பின்பக்கத்து ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். அங்கே யாரோ குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். தலைக்குமேல் இரண்டு மின்விசிறிகள் தங்களால் ஆனமட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

வாசற்படியில் கால் வைத்ததும் என் மூக்கு ஒரு ஜாபிதா வாசித்தது: வியர்வை, சாக்பீஸ் தூள், மழைக்காலத்து ஈரம் காயாத சுவர், யாருடைய டிபன் பெட்டியிலோ மிச்சமிருந்த மாங்காய் ஊறுகாய், எல்லாவற்றுக்கும் அடியில், பெயர் சொல்லத் தெரியாத ஒரு புழுக்க வாடை. எழுதுவதற்கென்று நான் தேடி வந்த தோல் வாசனையை மட்டும் காணோம்.

"இந்த அறையில் காற்று எப்படி இருக்கிறது?" என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

"நல்லா கீது ஸார்!" என்று 40 குரல்கள்.

"ஏதாவது வாசனை வருகிறதா?"

"ஒண்ணும் வர்ல ஸார்!"

கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "உங்க மேலதான் ஸார் சென்ட் வாசனை வர்து" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. டீச்சர் அவனை முறைத்தார். முறைக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். விஞ்ஞானிகள் வருஷக் கணக்கில் ஆராய்ந்து கண்ட ஒன்றை அந்தப் பையன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

பத்து நிமிஷம் கழித்து எனக்கும் ஒன்றும் 'வர்ல'. ஊறுகாய் போய்விட்டது, ஈரச்சுவர் போய்விட்டது, புழுக்கமும் போய்விட்டது. உண்மையில் எதுவும் எங்கும் போகவில்லை. என் மூக்குத்தான் வேலையை விட்டுப் போய்விட்டது.

தூங்கும் காவல்காரன்

மூக்கு ஒரு விநோதமான காவல்காரன். புதிதாக யாராவது வந்தால் குரைப்பான். வந்தவர் அங்கேயே தங்கிவிட்டால், 'இவர் நம் வீட்டு ஆள்தான்' என்று படுத்துக்கொள்வான். சில நிமிஷங்களுக்குமேல் ஒரே வாசனையில் இருந்தால் அதை உணரும் சக்தி மளமளவென்று குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாசனை உண்டு. அது விருந்தாளிக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது என்பதற்கும் இதுவே காரணம்.

1936-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து யாக்லூ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் அறைக்குள் மனிதர்களை உட்கார வைத்து, எவ்வளவு வெளிக்காற்று விட்டால் வாடை அடங்குகிறது என்று பார்த்தார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் அபிப்பிராயத்தை நம்பி அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. நல்ல காற்றில் இருந்த வேறு சிலரை நீதிபதிகளாக உள்ளே வரவழைத்து, முதல் மூச்சிலேயே மார்க் போடச் சொன்னார்கள். கட்டடங்களுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்ற கணக்குகளுக்கு வெகுகாலம் அந்தப் பரீட்சையே ஆதாரமாக இருந்தது.

பின்னால் 1988-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் என்ற பேராசிரியர் இன்னும் ஒரு படி போனார். துணிக்கு மீட்டர் இருப்பதுபோல் வாடைக்கும் ஓர் அளவு வேண்டும் என்று 'ஓல்ஃப்' என்பதை ஏற்படுத்தினார். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு சராசரி மனிதரிடமிருந்து எழும் வாடை 1 ஓல்ஃப். அந்தச் சராசரி மனிதர் ஒரு நாளைக்கு 0.7 தடவை குளிப்பவராம்! நம் வேலூர் வெயிலில் அந்த மனிதர் இரண்டாம் நாளே வீட்டை விட்டு வெளியே அனுப்பப்படுவார்.

சரி, நம்மிடம் ஹார்வர்டு நீதிபதிகள் இல்லையே, என்ன செய்வது? 40 பிள்ளைகள் இருக்கிறார்களே!

முதல் மூச்சு

டீச்சரின் அனுமதியோடு பிள்ளைகளைப் பத்து நிமிஷம் புங்கமரத்தடிக்கு அனுப்பினேன். பிறகு ஒவ்வொருவராக வாசல் வழியே வர வேண்டும். முதல் மூச்சில் என்ன தோன்றுகிறதோ அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம்.

சற்று முன்பு 'ஒண்ணும் வர்ல' என்ற அதே பிள்ளைகள்தான். என்னென்ன எழுதினார்கள் என்கிறீர்கள்! 'காயாத துணி.' 'பழைய புத்தகப் பை.' 'எங்க ஆயா வீட்டுப் பரண்.' 'நெறைய பேர் தூங்கி எழுந்த ரூம்.' ஒரு காகிதத்தில், 'நாங்கதான் ஸார் வாசனை' என்று இருந்தது. வேறொன்றில் வாசனையைப் பற்றியே பேச்சில்லை: 'வெளியே தலை லேசா இருந்துச்சு. உள்ளே வந்தா கனமா ஆவுது.'

வாசகர்களே, இந்தக் கடைசிக் காகிதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு காகிதத்தில் மட்டும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மணி அடித்த பிறகு ஒரு பெண் மெதுவாக என்னிடம் வந்தாள். "அது என்னுது ஸார்" என்றாள்.

"ஏனம்மா எழுதவில்லை?"

"வாசனைன்னு எழுதினா எங்கப்பாவச் சொல்ற மாதிரி ஆயிடும் ஸார்."

அவளுடைய அப்பா ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு டேனரியில் பச்சைத்தோல் பிரிவில் வேலை செய்கிறார். ராத்திரி வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அந்த வாசனை முழுவதும் போவதில்லை. அவருடைய உடுப்பையும் இவளுடைய யூனிபாரத்தையும் ஒரே வாளியில்தான் அம்மா துவைக்கிறாள். போன வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்துகொண்டாளாம்.

"அதுக்கு முன்னாடி எனக்கு அது தெரியவே தெரியாது ஸார். அவ சொல்லித்தான் தெரிஞ்சுது" என்றாள். கொஞ்சம் நின்று, "அந்த வாசனை மத்தவங்களுக்குக் கெடுதலா ஸார்?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போது சட்டென்று பாதிப் பதில்தான் வந்தது. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

வாசனை வேறு, கெடுதல் வேறு

பச்சைத்தோலில் உள்ள மயிரைப் போக்கச் சுண்ணாம்பும் சோடியம் ஸல்பைடும் கலந்த நீரில் ஊறவைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்பை நீக்க அமோனிய உப்புகளைச் சேர்க்கிறார்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாசனை அங்கிருந்து வருகிறது. ஸல்பைடு கலந்த நீரில் அமிலம் சேர்ந்துவிட்டால் ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் வாயு கிளம்புகிறது. அழுகிய முட்டை வாசனை என்பார்களே, அதுதான். காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தால்கூட மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் அதே வாயு பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவுக்கு ஏறினால், சில நிமிஷங்களில் மூக்கின் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். அபாயம் அதிகமாகும் நேரத்தில் வாசனை நின்றுவிடும்! கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்கப் போனவரும் மயங்கினார் என்று பத்திரிகையில் படிக்கிறோமே, அந்தக் கோரத்துக்குள் இந்த வாயு ஒளிந்திருப்பது உண்டு. 'வாசனை போய்விட்டது, இனிப் பயமில்லை' என்று நினைப்பதைப்போல் ஆபத்தான எண்ணம் வேறில்லை.

ஆகவே, அந்தப் பெண்ணின் அப்பா வேலை செய்யும் இடத்தில் அவருக்கு நல்ல காற்றோட்டமும் பாதுகாப்பும் வேண்டும். அது அவருடைய உரிமை. ஆனால் அவருடைய சட்டையோடு வீட்டுக்கு வரும் மிச்ச வாசனை மகளின் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு எந்த வியாதியையும் கொண்டுவராது. மூக்குக்குப் பிடிக்காதது வேறு. நுரையீரலுக்கு ஆகாதது வேறு.

அப்படியானால் அந்த வகுப்பில் தலையைக் கனக்கச் செய்தது எது? அதற்கு வாசனையே கிடையாது.

பதினொரு நிமிஷக் கணக்கு

நாம் வெளியே விடும் மூச்சில் சுமார் 100-க்கு 4 பங்கு கரியமிலவாயு. வெளிக்காற்றில் இருப்பதைப்போல் இது ஏறக்குறைய நூறு மடங்கு. 1858-ல் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் பெட்டன்கோஃபர் என்ற விஞ்ஞானி வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இதை அளந்து பார்த்தார். அறைக் காற்றில் 1000-க்கு 1 பங்குக்குமேல் கரியமிலவாயு இருந்தால் அங்கே காற்று போதவில்லை என்று கொள்ள வேண்டும் என்றார். அந்த அளவில் அந்த வாயு விஷமல்ல. அறையில் உள்ள காற்று எத்தனை பேருடைய நுரையீரலுக்குள் போய்த் திரும்பி வந்திருக்கிறது என்பதைச் சொல்லும் சாட்சி அது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். அறை 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே 1,44,000 லிட்டர் காற்று. ஒரு பிள்ளை ஒரு மணி நேரத்தில் விடும் கரியமிலவாயு சுமார் 12 லிட்டர். 40 பிள்ளைகளுக்கு 480 லிட்டர். வெளியிலிருந்து காற்றே வராத அறையானால், பெட்டன்கோஃபர் கோடு எத்தனை நிமிஷத்தில் தாண்டப்படும்?

சென்ட் வாசனை கண்டுபிடித்த அதே பையன்தான் முதலில் விடை சொன்னான்: "பதினோரு நிமிஷம் ஸார்!" கதவிடுக்கும் ஜன்னலிடுக்கும் இருப்பதால் நிஜத்தில் கொஞ்சம் தாமதமாகும். ஆனாலும் ஒரு வகுப்புக்கு 40, 45 நிமிஷம் ஆயிற்றே!

"ஃபேன் ஓடுதே ஸார்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. மின்விசிறி வியர்வையை ஆற்றும். உடம்புக்கு இதம் தரும். ஆனால் காற்றை மாற்றாது. பானையில் உள்ள பழைய தண்ணீரை அகப்பையால் கலக்கினால் அது புதுத் தண்ணீராகிவிடுமா?

இதெல்லாம் படிப்பைப் பாதிக்குமா என்று பெற்றோர் கேட்கலாம். டென்மார்க்கில் பத்து வயதுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். முடிவை 2007-ல் வெளியிட்டார்கள். அறைக்கு வரும் வெளிக்காற்றைச் சில வாரம் கூட்டினார்கள், சில வாரம் குறைத்தார்கள். எது எந்த வாரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. காற்று கூடிய வாரங்களில் கணக்கையும் மொழிப் பயிற்சிகளையும் அவர்கள் இன்னும் வேகமாகச் செய்தார்கள்.

நாமோ, தூங்கி விழும் பையனைப் பார்த்து, 'சோம்பேறி!' என்கிறோம். 'தலை கனமா ஆவுது' என்று எழுதிய பிள்ளையை ஒருவேளை நேற்றுவரை பெஞ்சிமேல் நிற்க வைத்திருப்போம்!

ஆற்றுக்கு வழக்கு உண்டு

இந்தச் சீமையில் தண்ணீருக்காக ஜனங்கள் நெடுநாள் போராடியிருக்கிறார்கள். தோல் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதைக் கண்டு வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28-ல் வந்த தீர்ப்பு, 'கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும்' என்ற நியாயத்தை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றி நிறுத்தியது. அதன் பிறகும் பாலாறு சுத்தமாகிவிடவில்லை. 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு மறுபடியும் இதைப்பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

தண்ணீர் கெட்டால் நிறம் மாறுகிறது. நாக்கு உடனே சொல்கிறது. வகுப்பறைக் காற்றுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை, பிள்ளைகளின் மூக்கோ உள்ளே போன சில நிமிஷங்களில் தூங்கிவிடுகிறது. அதனால் அதற்கு வாதி இல்லை, சாட்சியும் இல்லை.

'ஜன்னலைத் திறந்துவிட்டால் போயிற்று' என்று சொல்வது சுலபம். பள்ளிகொண்டாவில் அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது? நெடுஞ்சாலை. லாரிப் புகையிலும் குப்பைப் புகையிலும் உள்ள நுண்தூசி, நம் தலைமயிர்ப் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும்; நுரையீரலின் அடிவரை போகும். திறந்தால் புகை, மூடினால் புழுக்கம் என்று ஆசிரியர்கள் திண்டாடுகிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை.

ஆனால் வழியே இல்லாமலும் இல்லை. குப்பை கொளுத்துவதை நிறுத்தினால் பின்பக்கத்து ஜன்னல் ஒன்று இலவசமாகக் கிடைத்துவிடும். சாலைக்கு எதிர்ப்புறத்து ஜன்னல்களையும் கதவையும் பகல் முழுவதும் திறந்து வைக்கலாம். ஒவ்வொரு மணிக்கும் இடையில் ஐந்து நிமிஷம் எல்லாவற்றையும் அகலத் திறந்துவிடலாம். பிள்ளைகள் வந்த பிறகு பெருக்காமல், வருவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பெருக்கலாம். கரும்பலகையை ஈரத் துணியால் துடைக்கலாம். கொரோனாவுக்குப் பிறகு 2021-ல் பள்ளிகள் திறந்தபோது ஜன்னலைத் திறந்து வைக்கும்படி எல்லாரும் சொன்னார்களே. கொரோனா போனதோடு ஜன்னலும் மூடிக்கொண்டுவிட்டது!

டீச்சர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, தாமாக ஒரு காரியம் செய்தார். அந்த வகுப்பில் ஏற்கெனவே சுகாதார மந்திரி, தோட்ட மந்திரி எல்லாம் உண்டு. இனிமேல் ஒரு காற்று மந்திரியும் உண்டு. ஒவ்வொரு மணியிலும் பாதி நேரம் ஆனதும் அவர் எழுந்து வெளியே போய் ஐந்து நிமிஷம் நின்று, உள்ளே வந்து, முதல் மூச்சில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். தினம் ஒரு மந்திரி. 40 பேருக்கும் முறை வரும். வெற்றுக் காகிதம் போட்ட பெண்ணுக்கு என்றைக்கு முறையோ, அன்றைக்கு அவளுடைய மூக்கு சொல்வதைக் கேட்டு வகுப்பு முழுவதும் ஜன்னலைத் திறக்கும்.

கிளம்புமுன் அவளிடம் நான் சொன்ன பாதிப் பதில் இதுதான்: "கெடுதல் உங்கள் அப்பாவின் சட்டையில் இல்லையம்மா. சாத்தின ஜன்னலில் இருக்கிறது." அவள் ஜன்னலைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை இன்று சாயங்காலம் வந்ததும், 'என்ன மார்க்?' என்று கேட்பதற்கு முன், 'மத்தியானம் தலை எப்படி இருந்தது?' என்று கேட்டுப் பாருங்கள்.

வேலூருக்குத் திரும்பும் பஸ் ஆம்பூரிலிருந்து வந்தது, நல்ல கூட்டம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் இறங்கியதும் இடம் காலியாயிற்று. நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் அந்த இடத்தைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார், தம் சட்டையையும் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். ஏன் என்று என் மூக்குக்கு உடனே புரிந்தது.

"உட்காருங்கண்ணே" என்றேன். தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டேன். மூத்தவன் பாலிடெக்னிக், இளையவள் பத்தாவது என்று ஆரம்பித்து, அவளுக்குக் கணக்கு எப்படி வரும் என்பதை விவரமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ் பொய்கையைத் தாண்டுவதற்குள் எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.